மூணாம் ஜன்னலின் தாடை

குடிநீர் இணைப்பு அலுவலகத்தில் ஐந்து ஜன்னல்கள். முதல் ஜன்னலில் ஆள் இருக்காது. இரண்டாவதில் ஆள் உண்டு, வேலை நடக்காது. நான்கும் ஐந்தும் திறந்திருந்ததைப் பார்த்தவர்கள் யாரும் இப்போது உயிரோடு இல்லை. ஆகவே குழாய் வேண்டும் என்று ஆசைப்பட்ட யாரும் மூன்றாம் ஜன்னலுக்குத்தான் வந்து சேர வேண்டும். அதற்குப் பின்னால் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருந்த பெண்மணிக்கு அப்பாவும் அம்மாவும் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அது பணிப் பதிவேட்டோடு சரி. வரிசையில் நிற்பவர்கள், கூட வேலை பார்ப்பவர்கள், போகப்போகப் பெற்ற மகள்கூட அவளை மூணாம் ஜன்னல் என்றே சொன்னார்கள்.

அவள் வேலை எளிமையானது. விண்ணப்பத்தை வாங்குவாள். சிவப்புப் பேனாவின் மூடியால் ஒவ்வொரு கட்டமாகத் தட்டிக்கொண்டே போவாள். ஏதாவது ஒரு கட்டத்தில் மூடி நின்றுவிடும். "காலியா இருக்கு. நிரப்பிட்டு வாங்க." எதிரில் நிற்பவர் தன் வீட்டில் எட்டு பேர் இருப்பதையும், தான் மூன்று மாடி ஏறித் தண்ணீர் சுமப்பதையும் சொல்லத் தொடங்குவார். அதற்கும் அவளிடம் ஒரு வாக்கியம் தயாராக இருந்தது. "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க."

வீட்டிலும் அவள் வாய்தான் எல்லாம். கணவர் ஒரு நூலகத்தில் வேலை பார்த்துப் பார்த்து, பேசுவது குற்றம் என்ற முடிவுக்கு வந்துவிட்டவர். வீட்டுக்காரரிடம் ஒழுகலைப் பற்றிச் சண்டை போட, மகளின் கல்லூரியில் நியாயம் கேட்க, பக்கத்து வீட்டுக்காரன் வண்டியை வாசலில் நிறுத்தினால் ஒரு பிடி பிடிக்க, எல்லாவற்றுக்கும் அவள்தான். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இங்கே ஒரு வாய் இருந்ததால் குடும்பமே பிழைத்தது.

அந்த வாய்க்குத்தான் கேடு வந்தது.

முதலில் வலது பக்கம் கீழ்த்தாடை லேசாகப் புடைத்தது. வரிசையில் நின்றவர்கள் அவள் எதையோ வாயில் அடக்கி வைத்திருக்கிறாள் என்று நினைத்தார்கள். மூன்று மாதத்தில் அது ஒரு பெரிய எலுமிச்சை அளவுக்கு வந்து, கடைவாய்ப் பல் இரண்டு ஆட்டம் கண்டது. தெருமுனைப் பல் டாக்டர் எக்ஸ்ரே எடுத்தார், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், தலையைச் சொறிந்தார். "பல் ஆஸ்பத்திரிக் கல்லூரிக்குப் போயிடுங்க. இது என் கைக்கு மேல," என்றார். அவரை இந்த இடத்தில் பாராட்டிவிட வேண்டும். தன் கையின் அளவு தெரிந்த டாக்டர்கள் இந்தக் கதையில் அதிகம் இல்லை.

கல்லூரி ஆஸ்பத்திரியில் அவளைச் சாய்நாற்காலியில் படுக்க வைத்து, முகத்துக்கு நேராக விளக்கை இழுத்துவிட்டார்கள். மேல்படிப்புப் படிக்கும் இளம் டாக்டரம்மா ஒருத்தி வந்தாள். இடது கையில் நீளக் காம்பு வைத்த குட்டிக் கண்ணாடி, வலது கையில் பேனா. நேரத்தை மிச்சம் பிடிப்பதற்காக அந்த ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம் உண்டு. வாயைப் பார்த்துக்கொண்டே வரலாறும் கேட்டுவிடுவார்கள்.

"நல்லா திறங்கம்மா. இன்னும். எத்தனை மாசமா இருக்கு?"

மூணாம் ஜன்னல் மூன்று விரலைக் காட்டினாள். அந்தப் பதில் உயிர் பிழைத்தது.

"வலி இருக்கா?"

தலையை ஆட்டினாள். அதுவும் பிழைத்தது.

"வேற ஏதாவது வியாதி? ஆபரேஷன்? மருந்து மாத்திரை?"

சொல்வதற்கு அவளிடம் நிறைய இருந்தது. போன வருடம் மட்டும் இரண்டு முறை சிறுநீரகத்தில் கல் வந்து உருண்டு புரண்டிருக்கிறாள். ஆறு மாதமாகக் கால் எலும்பெல்லாம் குடைகிறது. எத்தனை குடித்தாலும் தாகம் அடங்குவதில்லை. மலச்சிக்கலோ கேட்கவே வேண்டாம். இவ்வளவையும் கண்ணாடியைச் சுற்றி நாக்கை வளைத்துச் சொன்னாள். வெளியே வந்தது இதுதான்:

"ஆ… கா… ஆங்… ஆகா."

"இல்லையா? சரி," என்று டாக்டரம்மா எழுதிக்கொண்டாள். வேறு நோய் எதுவும் இல்லை.

கண்ணாடி வெளியே வந்ததும் மூணாம் ஜன்னல் வாயைத் துடைத்துக்கொண்டு அவசரமாக ஆரம்பித்தாள். "இல்லைங்க டாக்டர், நான் என்ன சொல்ல வந்தேன்னா, போன வருஷம் எனக்கு…"

டாக்டரம்மா அடுத்த நாற்காலிக்கு நகர்ந்துகொண்டே, கோபமே இல்லாமல், "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கம்மா. பின்னாடி எவ்வளவு பேர் இருக்காங்க பாருங்க," என்றாள்.

இருபத்திரண்டு வருடம் அவள் வாயிலிருந்து புறப்பட்டுப் போன வாக்கியம் ஊரெல்லாம் சுற்றிவிட்டு விலாசம் தப்பாமல் திரும்பி வந்து முகத்தில் விழுந்தது.

ஸ்கேன் எடுத்தார்கள். கட்டியின் ஓரத்தில் ஒரு துணுக்கு கிள்ளி, சோதனைக்கூடத்துக்கு அனுப்பினார்கள். பத்து நாள் கழித்துப் பெரிய டாக்டரே அவளைப் பார்க்க வந்தார். தாடை அறுவைத் துறையின் தலைவர். அவர் நடந்தால் பின்னால் பன்னிரண்டு மாணவர்கள் நடப்பார்கள், நின்றால் நிற்பார்கள், சிரித்தால் அரை நொடி கழித்துச் சிரிப்பார்கள். ஸ்கேன் படத்தில் தாடை எலும்பு கறையான் அரித்த கதவு நிலை மாதிரி இருந்தது. பெரிய டாக்டர் அதைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை போலப் பார்த்தார்.

"அபூர்வம்," என்றார்.

"அபூர்வம்," என்று எழுதிக்கொண்டார்கள் பன்னிரண்டு பேரும்.

"டாக்டர், இது புத்துநோயா?" என்று அவள் கேட்டாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

"சேச்சே. ஆபத்தில்லாத கட்டிம்மா. ராட்சதச் செல் கட்டின்னு பேரு. உயிருக்கு ஒண்ணும் பண்ணாது. ஆனா இவ்வளவு பெருசா வளர்ந்தது ரொம்ப அபூர்வம். சுரண்டி எடுத்தா திரும்ப வரலாம். வலது பக்கத் தாடையையே எடுத்துட்டு, கால்ல இருந்து ஒரு எலும்பை வெட்டி அங்க வச்சிடுவோம்."

"பேச முடியுமா?"

"பேசலாம், பேசலாம். கொஞ்சம் குழறும். பழகிடும்." பிறகு மாணவர்கள் பக்கம் திரும்பி, "மாநாட்டுக்கு நாலு மாசம் இருக்கு. படமெல்லாம் பத்திரமா எடுத்து வைங்க," என்றார்.

மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினவனைப் பைத்தியக்காரன் என்கிறோம். அவனும் பெயருக்குப் பின்னால் நாலு எழுத்துப் போட்டிருந்தால் நிபுணர் என்றிருப்போம்.

சேதி கேட்டு நாத்தனார் வந்தாள். வெறும் வாயை மெல்லுகிறவளுக்கு அவல் கிடைத்தால் விடுவாளா? கூடத்தில் உட்கார்ந்து, "ஆபத்தில்லாத கட்டிதானாம், அப்புறம் எதுக்கு முகத்தைத் தொங்கப் போட்டுட்டு இருக்கே," என்று ஆறுதல் சொன்னாள். பிறகு தம்பியிடம் திரும்பி, எல்லோருக்கும் கேட்கும் ரகசியக் குரலில், "கொஞ்ச நாளைக்கு வீடு அமைதியாத்தான் இருக்கும், இல்ல?" என்றாள்.

வழக்கமான நாளாக இருந்தால் நாத்தனார் அந்த நாற்காலியிலிருந்து முழுசாக எழுந்து போயிருக்க மாட்டாள். அன்று மூணாம் ஜன்னல் எழுந்து குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். கைக்குட்டையை மடித்து வலது கன்னத்துக்குள் திணித்துக்கொண்டு, கண்ணாடியைப் பார்த்து, "காலியா இருக்கு, நிரப்பிட்டு வாங்க," என்று சொல்லிப் பார்த்தாள். "ஆயியா யிக்கு, இப்பித்து ஆங்க," என்றது கண்ணாடியில் இருந்தவள். இன்னொரு தரம் சொன்னாள். மூன்றாவது தரம் சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. சாவுக்குக்கூட அவள் இவ்வளவு பயந்ததில்லை. செத்தவளைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. குழறுகிறவளைப் பார்த்து வரிசையே சிரிக்கும். அந்த வரிசைக்கு அவள் மேல் இருபத்திரண்டு வருடப் பாக்கி இருந்தது.

கதவுக்கு வெளியே கணவர் நின்றிருந்தார். "கேட்டுச்சா?" என்றாள்.

"புரிஞ்சுது," என்றார் அவர். கல்யாணமாகி அவர் சொன்னவற்றிலேயே அதுதான் பெரிய பொய்.

புதன்கிழமை காலை அறுவை. செவ்வாய்க்கிழமை மதியம் வார்டு நர்ஸ் சம்மதப் படிவத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். கூடவே தடியான கோப்பு ஒன்று. "இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு, பின்னாடி ஒண்ணு."

"படிச்சுட்டுப் போடுறேன்."

"எல்லாரும் சும்மாதான் போடுவாங்க."

"நான் எல்லாரையும் திருப்பி அனுப்புறவம்மா," என்றாள் மூணாம் ஜன்னல். கைப்பையைத் துழாவினாள். சிவப்புப் பேனா இருந்தது.

பழக்கதோஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பயத்தில் நடுங்குகிறவர்கள் சாமி கும்பிடுவார்கள், சிலர் நகம் கடிப்பார்கள். அவளுக்குத் தெரிந்தது கட்டம் பார்ப்பது. கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு முதல் தாளிலிருந்து ஆரம்பித்தாள். "வேறு நோய் எதுவும் இல்லை" என்று முதல் பக்கத்தில் இருந்தது. இரண்டாம் பக்கத்தில் வேறொரு கையெழுத்தில் அதே வரி. நான்காம் பக்கத்தில் இன்னொரு கையெழுத்து, அதே வரி. ஐந்து டாக்டர்கள் ஐந்து பேனாவால் ஒரே பொய்யை எழுதியிருந்தார்கள். முதல் ஆள் கண்ணாடியை வாயில் விட்டுக்கொண்டு கேட்டதோடு சரி, மற்ற நான்கு பேரும் அவளைக் கேட்டதே இல்லை. முதல் ஆள் எழுதியதைப் பார்த்து இரண்டாம் ஆள், இரண்டாம் ஆளைப் பார்த்து மூன்றாம் ஆள்.

பிறகு சோதனைக்கூடத்தின் அறிக்கை வந்தது. "ராட்சதச் செல்கள் நிறைய உள்ளன" என்ற வரிக்கு அடியில் யாரோ மஞ்சள் மை பூசியிருந்தார்கள். மஞ்சள் அதோடு நின்றுவிட்டது. அறிக்கை நிற்கவில்லை. கோப்பின் கம்பி குத்தியிருந்த இடத்துக்குக் கீழே, மடங்கிப்போன ஓரத்தில், இன்னும் ஒரு வரி இருந்தது. அதை நிமிர்த்திப் படித்தாள்.

"இதே தோற்றம் பாராதைராய்டு சுரப்பிக் கோளாறிலும் வரும். இரத்தத்தில் கால்சியம் அளவு பார்த்த பிறகே சிகிச்சையை முடிவு செய்யவும்."

இரத்தப் பரிசோதனைத் தாளைத் தேடி எடுத்தாள். சிவப்புப் பேனாவின் மூடி வரிசையாகத் தட்டிக்கொண்டே இறங்கியது. சர்க்கரை, இருக்கிறது. உப்பு, இருக்கிறது. இரத்தம் உறையும் நேரம், இருக்கிறது. கால்சியம்.

மூடி நின்றது.

மாலை பார்வை நேரத்தில் பெரிய டாக்டர் வந்தார். பன்னிரண்டு பேரும் வந்தார்கள். "என்னம்மா, கையெழுத்துப் போட மாட்டேங்கிறீங்களாம்?"

"மாட்டேன்னு சொல்லலை சார். ஒரு கட்டம் காலியா இருக்கு."

"எந்தக் கட்டம்?"

அவள் காட்டினாள். மடங்கிய ஓரத்தை நிமிர்த்தி அறிக்கையின் கடைசி வரியையும் காட்டினாள். பயமெல்லாம் போர்வைக்குள் இருந்தது. போர்வைக்கு மேலே தெரிந்தது ஜன்னல் மட்டும்தான்.

பெரிய டாக்டர் அந்த வரியைப் பார்த்துச் சிரித்தார். அரை நொடி கழித்து மற்றவர்களும் சிரித்தார்கள். "இதா? இது சோதனைக்கூடத்துல ஒரு சம்பிரதாயத்துக்கு எழுதுறது. இந்த மாதிரி எல்லா ரிப்போர்ட்லயும் எழுதுவாங்க."

"எல்லா ரிப்போர்ட்லயும் எழுதுறாங்கன்னா, எல்லா ரிப்போர்ட்லயும் படிக்கணுமே சார்."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. எப்போது சிரிப்பது என்று மாணவர்களுக்கு யாரும் சைகை காட்டவில்லை.

"அம்மா, நான் இருபது வருஷமா தாடை பார்க்கிறேன்."

"நான் இருபத்திரண்டு வருஷமா கட்டம் பார்க்கிறேன் சார்."

"நாளைக்குக் காலைல தியேட்டர் தயாரா இருக்கு. உங்களால எல்லாரும் காத்துக்கிட்டு இருக்கணுமா?"

அந்தக் கேள்வியை அவளிடம் எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள் என்று கணக்கில்லை. பதில் தானாக வந்தது. "நிரப்பிட்டு வாங்க. உடனே போட்டுத் தர்றேன்."

அவர் போன பிறகு அழுதாள். கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு, "கட்டத்துல ஒண்ணும் இல்லாமப் போயிட்டா என்னங்க பண்றது? அவரைப் பகைச்சுக்கிட்டேனே, நாளைக்கு அந்த ஆள் கையிலதானே கத்தி இருக்கும்," என்றாள். அவர் கையை விடவில்லை. சற்று நேரத்தில் அந்த இளம் டாக்டரம்மா தனியாக வந்து, யார் முகத்தையும் பார்க்காமல் ஒரு சின்னக் குப்பி இரத்தம் எடுத்துக்கொண்டு போனாள்.

ஒரு மணி நேரத்தில் இரத்தக்கூடத்திலிருந்து வார்டுக்குத் தொலைபேசி வந்தது. கால்சியம் பத்தரையைத் தாண்டக் கூடாது. இவளுக்குப் பதிமூன்றரை. நோயாளி நினைவோடு இருக்கிறாரா என்று கேட்டார்கள். நினைவோடு மட்டுமா, பேனாவோடும் இருக்கிறார் என்று சொல்ல நர்ஸுக்குத் தைரியம் வரவில்லை.

புதன்கிழமை தாடைக்குப் பதிலாக ஹார்மோன் டாக்டர் ஒருவர் வந்தார். கையில் ஒன்றும் இல்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சிறுநீரகத்துல கல் வந்திருக்கா?"

"ரெண்டு தடவை."

"தாகம்? கால் எலும்பு வலி? மலச்சிக்கல்?"

"எல்லாம் இருக்கு டாக்டர்."

"இதையெல்லாம் யாருகிட்டயும் சொல்லலையா?"

"சொன்னேன் டாக்டர். 'ஆகா'ன்னுதான் வெளியே வந்துச்சு, இல்லைன்னு எழுதிக்கிட்டாங்க."

கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் அரிசி அளவில் நான்கு சுரப்பிகள் உண்டாம். அதில் ஒன்று அவரைக்கொட்டை அளவுக்கு வீங்கி, எலும்பிலிருக்கும் சுண்ணாம்பையெல்லாம் உறிஞ்சி இரத்தத்தில் விட்டுக்கொண்டிருந்திருக்கிறது. அதுதான் சிறுநீரகத்தில் கல்லாகப் படிந்தது. அந்தச் சுரப்பிதான் தாடையைக் குடைந்தது. குடைந்த இடத்தில் இரத்தம் கசிந்து பழுப்பேறிக் கிடப்பதால் அதற்குப் பழுப்புக் கட்டி என்று பெயர். கட்டி என்றாலும் உண்மையில் கட்டியே இல்லை, எலும்பு அழுத அழுகை. தும்பை விட்டு வாலைப் பிடிக்கப் பார்த்திருக்கிறார்கள். பிடிப்பதோடு விடாமல் வாலை வெட்டவும் நாள் குறித்திருந்தார்கள். தாடை போன பிறகும் சுரப்பி அங்கேயே இருந்திருக்கும், அடுத்த எலும்பைத் தின்னப் போயிருக்கும்.

கழுத்தில் இரண்டு விரல் அகலத்துக்குக் கீறி அந்த அவரைக்கொட்டையை எடுத்தார்கள். மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். தாடையை யாரும் தொடவில்லை. மூன்று மாதத்தில் கழுதை தேய்ந்து கட்டெறும்பாகிவிட்டது. ஆடின பல் இரண்டும் மறுபடி வேரூன்றி நின்றன. நாத்தனார் வந்து பார்த்து, "பரவாயில்லையே, பழையபடி ஆயிட்டியே," என்றாள். அதற்கு என்ன பதில் கிடைத்தது என்பதை இங்கே அச்சில் போட முடியாது. ஒவ்வொரு எழுத்தும் சுத்தமாக விழுந்தது என்று மட்டும் சொல்லலாம்.

இவ்வளவு பட்டவள் திருந்திவிட்டாள் என்று எழுத எனக்கும் ஆசைதான். அலுவலகத்துக்குத் திரும்பிய முதல் நாள், கட்டம் பார்த்து முடித்ததும், "வேற ஏதாவது சொல்லணுமா?" என்று வரிசையில் முதலாவதாக நின்றவரைக் கேட்டுவிட்டாள். அவர் சொன்னார். மதியத்துக்குள் வரிசை தெருவைத் தாண்டிவிட்டது. மறுநாள் முதல் ஒரு ஆளுக்கு இரண்டு நிமிடம் என்று வைத்துக்கொண்டாள். முழுசாகக் கேட்காவிட்டாலும் அரைகுறையாகவாவது கேட்கிறாள்.

அடுத்த மாதம் பெரிய டாக்டரிடமிருந்து அழைப்பு வந்தது. மாநாட்டில் நோயாளியை நேரில் காட்ட வேண்டுமாம். "அவங்க இல்லாம அந்தப் பேச்சு நிறைவா இருக்காது," என்று தொலைபேசியில் குழைந்தார்கள். கணவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அவள் நல்ல புடவையாக எடுத்துக் கட்டிக்கொண்டு போனாள்.

முந்நூறு டாக்டர்கள் உட்கார்ந்திருந்த அரங்கு. மேடை நடுவில் சாய்நாற்காலி, அதன் மேல் விளக்கு, வாய்க்கு நேராக ஒரு கேமரா. அவளுடைய கடைவாய், பின்னால் இருந்த திரையில் ஒரு வீட்டுக் கதவு அளவுக்குத் தெரிந்தது. பெரிய டாக்டர் கையுறை மாட்டி, குட்டிக் கண்ணாடியை அவள் வாய்க்குள் விட்டு, இன்னொரு கையில் மைக்கைப் பிடித்துக்கொண்டார்.

"அபூர்வமான ஒரு கேஸ். எல்லாரும் தாடையை அகற்றச் சொல்லியிருப்பாங்க. ஆனா எங்க துறைக்கு ஆரம்பத்துலேயே ஒரு சந்தேகம். கால்சியம் பார்த்தோம்." கைதட்டல். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்றால் இதுதான். அவர் அதோடு நிறுத்தியிருந்தால் அவளும் விட்டிருப்பாள். தாடை மிஞ்சியதே போதும் என்றுதான் வந்திருந்தாள். அவர் நிறுத்தவில்லை. "இதுல ஒரு பாடம் இருக்கு. கல் வந்தது, எலும்பு வலி, தாகம், எதையுமே நோயாளி எங்ககிட்டச் சொல்லலை. படிக்காதவங்க இல்லை, அரசாங்க உத்தியோகம். இருந்தும் வரலாற்றை மறைச்சுட்டாங்க." அரங்கு உச்சுக் கொட்டியது. முன் வரிசையில் இருந்த இளம் டாக்டரம்மா தன் மடியைப் பார்த்துக்கொண்டாள். பெரிய டாக்டர் செல்லமாகக் கடிந்துகொள்ளும் குரலில் நாற்காலியைப் பார்த்துக் குனிந்தார். "ஏம்மா, முதல்லயே சொல்லியிருந்தா இவ்வளவு சிரமம் இருந்திருக்காதுல்ல?"

கேட்டுவிட்டு, பதில் வராது என்ற நிம்மதியோடு, கண்ணாடியை இன்னும் சற்று உள்ளே தள்ளினார்.

மூணாம் ஜன்னல் அவருடைய மணிக்கட்டைப் பிடித்தாள். கண்ணாடியை வாயிலிருந்து எடுத்துத் தட்டில் வைத்தாள். எழுந்து உட்கார்ந்து, வாயைத் துடைத்துக்கொண்டு, அவர் கையிலிருந்த மைக்கைத் தன் பக்கம் இழுத்தாள்.

"இப்ப கேளுங்க," என்றாள்.